குட்டைத் தண்ணீரில் ஒரு நியான் பலகை

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் கையில் இருப்பவர்கள் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம். அதில் வரும் நைட் சிட்டி நகரத்தில் மழை பெய்து ஓய்ந்த தெரு ஒன்றில், தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து நில்லுங்கள். எதிரே கடை வாசலில் ஒரு சிவப்பு நியான் பலகை இருக்கட்டும். அது தண்ணீரிலும் தெரியும். செட்டிங்கில் ரே டிரேசிங்கை, அதாவது வெளிச்சக் கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து படம் வரையும் முறையை, அணைத்துவிட்டு, கேமராவை மெல்லக் கீழே இறக்குங்கள். பலகை திரையின் மேல் விளிம்பைத் தாண்டி மறைய மறைய, தண்ணீரில் தெரிந்த சிவப்பும் கூடவே கரைந்து காணாமல் போகும். பலகை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் அதைப் பார்ப்பதை நிறுத்தியதும் தண்ணீரும் நிறுத்திவிடுகிறது.

இப்போது ரே டிரேசிங்கைப் போட்டுவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். எவ்வளவு குனிந்தாலும் சிவப்பு இருந்த இடத்தில் இருக்கும். திரை மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண்தான் (நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், என்ற கணக்கு) பாதிக்குப் பக்கமாகச் சரிந்திருக்கும், மேசைக்கடியில் கிராபிக்ஸ் கார்டின் விசிறி இரைய ஆரம்பித்திருக்கும்.

ஒரு குட்டையில் ஒரு பலகை தெரிவதற்கு இவ்வளவு செலவா என்று கேட்கத் தோன்றுவது நியாயம்தான். 'வெளிச்சத்தை நிஜமாகவே கணக்குப் போடுகிறது, அதனால் கனம்' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. கணக்கு அப்படியொன்றும் கனமானதல்ல. கனமெல்லாம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலில் பழைய வழியைப் பார்த்துவிடலாம். அதற்குப் பெயர் ராஸ்டரைசேஷன். கேம் உலகத்தில் சுவர், கார், ஆளின் மூக்கு எல்லாமே முக்கோணங்களால் ஆனவை. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு முக்கோணமாக எடுத்து, இது திரையில் எங்கே விழும், எந்தெந்தப் பிக்சலை மூடும் என்று பார்த்து, நிறத்தைப் பூசிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அசுர வேகம். ஆனால் ஒரு முக்கோணத்துக்குப் பக்கத்து முக்கோணம் இருப்பதே தெரியாது. எனக்கும் சூரியனுக்கும் நடுவில் ஏதாவது கட்டடம் நிற்கிறதா, எதிர்ச் சுவரின் நிறம் என் மேல் படுகிறதா என்றெல்லாம் அதனிடம் கேட்க முடியாது.

அதனால் கேம் செய்பவர்கள் காலங்காலமாகத் தந்திரம் செய்துதான் வந்திருக்கிறார்கள். நிழல் வேண்டுமென்றால், விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வைத்து அங்கிருந்து எவையெல்லாம் தெரிகின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதில் தெரியாததெல்லாம் நிழல். பிரதிபலிப்பு வேண்டுமென்றால், ஏற்கெனவே திரைக்கு வரைந்த படத்திலிருந்தே ஒரு துண்டை வெட்டித் தலைகீழாக ஒட்டுவார்கள். குட்டையில் நடந்தது இதுதான். பலகை திரையில் இல்லை, வெட்ட ஒன்றுமில்லை, ஆகவே ஒட்டவும் ஒன்றுமில்லை. அறைக்குள் வெளிச்சம் இயல்பாகப் பரவ வேண்டுமென்றால், கேம் வெளிவருவதற்கு முன்பே ஸ்டுடியோவில் மணிக்கணக்காகக் கணக்குப் போட்டு, அந்த வெளிச்சத்தைச் சுவரில் பெயின்ட் அடித்த மாதிரி பதித்துவிடுவார்கள். இதைத்தான் லைட்டை 'பேக்' செய்வது என்பார்கள். இந்தத் தந்திரங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல கேம்களின் அழகே இவைதான். நகராத உலகத்துக்கு, மாறாத பகலுக்கு இவை அற்புதமாகப் பொருந்தும்.

ரே டிரேசிங் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. முக்கோணத்திடம் 'நீ எந்தப் பிக்சலில் விழுவாய்' என்று கேட்காமல், பிக்சலிடம் 'உனக்குள் வரும் வெளிச்சம் எங்கிருந்து கிளம்பியது' என்று கேட்கிறது. கண்ணிலிருந்து ஒரு கதிரைப் பின்னோக்கி அனுப்பு. அது எதில் மோதுகிறது என்று பார். தண்ணீரில் மோதினால் அங்கிருந்து பிரதிபலிக்கும் திசையில் இன்னொரு கதிர். அது பலகையில் மோதினால் பலகையின் சிவப்பைக் கொண்டுவந்து பிக்சலில் போடு. பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டோமே, அதேதான்.

யோசனை புதிதல்ல. 1968-லேயே ஐபிஎம்-இன் ஆர்தர் ஆப்பெல் நிழல்களைக் கண்டுபிடிக்கக் கதிர் அனுப்பிப் பார்த்துவிட்டார். 1980-ல் பெல் லேப்ஸில் இருந்த டர்னர் விட்டெட் எழுதிய கட்டுரைதான் இன்றைய ரே டிரேசிங்குக்கு அடித்தளம். கட்டம் போட்ட தரைக்கு மேலே மிதக்கும் இரண்டு கோளங்கள், ஒன்று கண்ணாடி, இன்னொன்று பளபளப்பானது. அந்த ஒரு படத்தை 640-க்கு 480 அளவில் வரைய, வாக்ஸ் 11/780 என்ற அன்றைய கணினி 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. 1986-ல் ஜேம்ஸ் கஜியா, வெளிச்சம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பட்டுப் பட்டுப் பரவுவதை ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லா வெளிச்சத்தையும் இப்படிக் கதிர்களாலேயே கணக்கிடும், பாத் டிரேசிங் என்று இன்று விளம்பரத்தில் வருவதன் வேர் அங்கே இருக்கிறது.

கஜியாவின் சமன்பாடு எதைப் பிடிக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். காவி கலந்து பூசிய சிவப்புச் சிமென்ட் தரை, சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் ஒரு கட்டமாக விழுகிறது. சுவரின் கீழ்ப்பகுதியை உற்றுப் பாருங்கள், லேசாகச் சிவந்திருக்கும். வெயில் சுவரில் படவே இல்லை. தரையில் பட்டு, தரையின் நிறத்தை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போயிருக்கிறது. அறை முழுக்கத் தெரிகிற வெளிச்சத்தில் பெரும்பங்கு இப்படிப் பட்டுத் திரும்பியதுதான். ராஸ்டரைசேஷனுக்கு இது பிடிபடவே பிடிபடாது.

சரி, கணக்குக்கு வருவோம். 4கே திரையில் 82,94,400 பிக்சல்கள். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒரு பிரேமை முடிக்க 16.7 மில்லி நொடிதான் நேரம். பிக்சலுக்கு ஒரே ஒரு கதிர் என்று வைத்தாலும் நொடிக்குக் கிட்டத்தட்ட 50 கோடிக் கதிர்கள். 2018-ல் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டு வந்தபோது நொடிக்கு 10 கிகா கதிர், அதாவது 1,000 கோடி என்று அதைத் தயாரித்த என்விடியா சொன்னது. அப்படியே எடுத்துக்கொண்டால் பிக்சலுக்கு 20 கதிர். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அந்த எண் எல்லாம் கூடிவந்த சூழ்நிலையில் அளந்தது, உண்மையான கேமில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதோடு ஒரு கதிர் போய் மோதியதும் வேலை முடிவதில்லை. மோதிய இடத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று அறிய ஒவ்வொரு விளக்கை நோக்கியும் இன்னொரு கதிர் போக வேண்டும். நைட் சிட்டியில் எத்தனை விளக்கு என்று நினைத்துப் பாருங்கள். சினிமாவில் பிக்சலுக்கு நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் கதிர் விடுவார்கள், ஒரு பிரேமுக்கு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். நம்மிடம் இருப்பது 16.7 மில்லி நொடி.

கனம் இருக்கும் முதல் இடம் தேடல். கதிர் கிளம்பிவிட்டது, அது எந்த முக்கோணத்தில் மோதும்? ஒரு காட்சியில் 10 லட்சம் முக்கோணம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிடமும் போய் 'உன் மேல் மோதுகிறதா' என்று கேட்டால், 50 கோடிக் கதிருக்கு நொடிக்கு 5 கோடி கோடி கேள்விகள். எந்தக் கார்டும் தாங்காது.

தபால்காரர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? முதலில் மாவட்டம், அப்புறம் ஊர், அப்புறம் தெரு, கடைசியில் கதவு எண். இங்கேயும் அப்படித்தான். முழுக் காட்சியையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்குள் இரண்டு சின்னப் பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் சின்னதாக இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போனால் கடைசிப் பெட்டியில் ஒரு சில முக்கோணங்கள் மிஞ்சும். கதிர் ஒரு பெட்டியைத் தொடவில்லை என்றால் அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிவிடலாம். 10 லட்சம் முக்கோணத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 20 படி இறங்கினால் போதும். பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் கொஞ்சம் கூடும். இந்த அடுக்குக்குப் பவுண்டிங் வால்யூம் ஹையரார்க்கி என்று பெயர், சுருக்கமாக பிவிஹெச். இதையும் 1980-ல் விட்டெட்டும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவன் ரூபினும்தான் எழுதினார்கள்.

20 படிதானே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு படியும் நினைவகத்திலிருந்து ஒரு பெட்டியின் விவரத்தைக் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்து எந்தப் பெட்டி என்றே தெரியும். முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. கிராபிக்ஸ் கார்டு இப்படிப்பட்ட வேலைக்குப் பிறந்ததும் அல்ல. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒரே மாதிரி வேலையை ஒன்றாகச் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் அதன் அமைப்பே இருக்கிறது. என்விடியா கார்டில் 32 இழைகள் ஒரு கூட்டமாக ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றும்.

முப்பத்திரண்டு பேர் ஒரே கல்யாணத்துக்கு ஒரு வேனில் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போய்விடலாம். கண்ணிலிருந்து கிளம்பும் முதல் கதிர்கள் இப்படித்தான், எல்லாம் ஏறக்குறைய ஒரே திசை. கண்ணாடி மாதிரி வழவழப்பான தண்ணீரில் பட்டுத் திரும்பினாலும் பரவாயில்லை, கூட்டம் கலையாது. ஆனால் சொரசொரப்பான சுவரில் பட்டால் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு திசையில் தெறிக்கும். ஒன்று ஆகாயத்துக்கு, ஒன்று குப்பைத்தொட்டிக்கு, ஒன்று எதிர்வீட்டுத் திரைச்சீலைக்கு. இப்போது அதே வேனில் 32 பேரும் 32 தெருப் பெயரைச் சொல்கிறார்கள். வண்டி எல்லாத் தெருவுக்கும் போயாக வேண்டும், முதலில் இறங்க வேண்டியவரைத் தவிர மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கதிர் மோதிய பொருளின் நிறத்தைக் கணக்கிடும் ஷேடரும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொன்று. துணிக்கு ஒன்று, உலோகத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. கார்டின் பெரும்பகுதி வேலையில்லாமல் காத்திருந்தே களைத்துப் போகிறது.

ஆர்டி கோர் என்று விளம்பரப்படுத்தப்படும், கார்டின் சில்லுக்குள்ளேயே இருக்கும் தனிப் பகுதி இந்தத் தேடலுக்காக வந்ததுதான். பெட்டிக்குள் பெட்டியாக இறங்குவதையும், கடைசியில் முக்கோணத்தில் மோதுகிறதா என்று பார்ப்பதையும் அதுவே செய்துகொள்ளும். 2080 டிஐ-யில் இப்படி 68 கோர்கள். இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2019 ஏப்ரலில் என்விடியாவே காட்டிவிட்டது. ஆர்டி கோர் இல்லாத ஜிடிஎக்ஸ் கார்டுகளிலும் ரே டிரேசிங் ஓடும்படி டிரைவர் மென்பொருளைத் திறந்துவிட்டார்கள். ஓடியது, கல்யாண வீட்டு ஸ்லைடு ஷோ மாதிரி. புதுக் கார்டு வாங்க வைக்க அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். போட்டி நிறுவனமான ஏஎம்டி 2020 இறுதியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் இறங்கியபோது பாதி வழி வந்தது. மோதல் சோதனைக்கு வன்பொருள் வைத்தார்கள், ஆனால் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குப் போவது என்பதைச் சாதாரண ஷேடர்களிடமே விட்டார்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது இதே தலைமுறை ஏஎம்டி தொழில்நுட்பம். கன்சோல் கேம்களில் ரே டிரேசிங்கைக் கிள்ளிப் போட்ட மாதிரி பயன்படுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022-ல் இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும் என்விடியாவின் 40 வரிசையும் வேன் பிரச்சினையில் கை வைத்தன. தெறித்துப்போன கதிர்களை ஒரே மாதிரி வேலை உள்ளவையாகப் பிரித்து மறுபடி கூட்டம் சேர்க்கிற ஏற்பாடு அது.

இன்னொரு சங்கதி, இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெட்டி அடுக்கைக் கட்டுவது யார்? கட்டடம் நகராது, ஒரு முறை கட்டினால் போதும். ஆனால் நடக்கிற ஆள், ஆடுகிற திரைச்சீலை, உடைகிற சுவர் என்றால் ஒவ்வொரு பிரேமிலும் பெட்டிகளைத் திருத்த வேண்டும். திருத்தித் திருத்திப் பெட்டிகள் உருக்குலைந்து போனால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். இதில் சிபியு வேலையும் இருக்கிறது. ரே டிரேசிங்கைப் போட்டால் கிராபிக்ஸ் கார்டு மட்டுமல்ல, சிபியுவும் மூச்சு வாங்குவது இதனால்தான். அடுக்கு வீடியோ நினைவகத்திலும் இடம் பிடிக்கும். 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் திடீர் திடீரென்று திக்கித் திக்கி ஓடுகிறதே என்று புலம்புவதன் பின்னால் பல நேரம் இதுவும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசம் மர இலை. கேமில் ஒரு கொத்து இலை என்பது ஒரு தட்டையான சதுரத்தில் ஒட்டிய படம். இலை இல்லாத இடம் படத்தில் வெறும் ஓட்டை. கதிர் அந்தச் சதுரத்தில் மோதினால், மோதியது இலையிலா ஓட்டையிலா என்று படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஓட்டை என்றால் பயணம் தொடரும், அடுத்த சதுரத்தில் மறுபடி அதே விசாரணை. ஒரு புளியமரத்துக்குள் நுழைந்த கதிர் வெளியே வருவதற்குள் எத்தனை முறை நிறுத்தி விசாரிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் எஃப்பிஎஸ் விழுந்தால் கார்டைத் திட்ட வேண்டாம்.

2018 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம் கண்காட்சியையொட்டி ஆர்டிஎக்ஸ் 20 வரிசையை என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தார். அதே ஆண்டு மார்ச்சில் எபிக் கேம்ஸ் நிறுவனம் காட்டிய ஸ்டார் வார்ஸ் ரே டிரேசிங் டெமோவுக்கு நான்கு டெஸ்லா வி100 கார்டுகள் கொண்ட டிஜிஎக்ஸ் ஸ்டேஷன் தேவைப்பட்டிருந்தது. சில மாதத்தில் அது ஒரே கார்டுக்குள் வந்துவிட்டது என்பது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் கடைக்குப் போனவர்களின் அனுபவம் வேறு. கார்டு செப்டம்பரில் வந்துவிட்டது, ரே டிரேசிங் உள்ள கேம் எதுவும் இல்லை. முதல் கேமாக நவம்பரில் பேட்டில்ஃபீல்ட் 5 வந்தது, அதிலும் பிரதிபலிப்பு மட்டும். ஆரம்ப விலையே 999 டாலர் என்று அறிவிக்கப்பட்ட 2080 டிஐ, அதில் 1080பி-யிலேயே 60 எஃப்பிஎஸ்ஸை ஒட்டித்தான் நின்றது. இத்தனைக்கும் அதிகபட்ச செட்டிங்கில்கூட அந்த கேம் பிக்சலுக்கு ஒரு முழுக் கதிர் அனுப்பவில்லை.

டிசம்பரில் வந்த அப்டேட்டில் வேகம் 50 சதவீதம் வரை கூடும் என்று என்விடியா அறிவித்தது. கார்டு அதேதான். கதிர்களை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கு வைக்காமல், தண்ணீர், கண்ணாடி என்று தேவைப்படும் இடத்துக்கு அதிகம் கொடுத்து, மற்ற இடத்தில் மிச்சம் பிடித்ததும் இலைதழைகளைக் கையாளும் விதத்தைச் சரிசெய்ததும் அந்த முன்னேற்றத்தில் அடக்கம். எத்தனை கதிர் என்பதைவிட எங்கே அனுப்புகிறோம் என்பதுதான் விஷயம் என்று அன்றே புரிந்துபோனது.

கனம் இருக்கும் இரண்டாவது இடத்துக்கு இதுவே வாசல். பிக்சலுக்கு ஒன்றிரண்டு கதிர்தான் கட்டுப்படியாகும் என்றால், வரும் படம் எப்படி இருக்கும்? சிவப்புத் தரை வீட்டின் சுவரில் ஒரு புள்ளிக்கு எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. நாம் ஒரே ஒரு திசையில் மட்டும் எட்டிப் பார்க்கிறோம். ஜன்னல் பக்கம் பார்த்த பிக்சல் பளீரென்று இருக்கும். அலமாரிப் பக்கம் பார்த்த அடுத்த பிக்சல் கறுப்பு. மொத்தப் படமும் ரவையைத் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். கருத்துக்கணிப்புக்கு ஊருக்கு ஒருவரைக் கேட்டால் என்ன கிடைக்குமோ அதுதான். கூடுதல் பேரைக் கேட்கலாம், ஆனால் இந்தக் கணிதத்தில் ஓர் அநியாயம் இருக்கிறது. இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேண்டும், கால்வாசியாக்க 16 மடங்கு. வெறும் பலத்தை வைத்து இதை ஜெயிக்க முடியாது.

ஆகவே மீதியை ஊகிக்கிறார்கள். டீநாய்சர் என்ற மென்பொருள், ஒரு பிக்சலின் அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது, போன பிரேமில் இதே இடத்தில் என்ன இருந்தது என்றெல்லாம் பார்த்துப் புள்ளிகளை வழித்து வழவழப்பாக்கும். 2017-ல் வந்த எஸ்விஜிஎஃப் என்ற முறை பிக்சலுக்கு ஒரே ஒரு மாதிரியிலிருந்தே பார்க்கக்கூடிய படத்தை எடுத்துக் காட்டியது. அந்த ஆய்வில் முன்னணியில் இருந்த கிறிஸ்டோஃப் ஷீட் செய்து காட்டிய பழைய குவேக் 2-வின் பாத் டிரேசிங் வடிவமே பிறகு 2019-ல் குவேக் 2 ஆர்டிஎக்ஸ் ஆனது. 2020-ல் வந்த ரெஸ்டிர் இன்னும் சாமர்த்தியமானது. என் கதிருக்கு நல்ல விளக்கு ஒன்று அகப்பட்டால் அந்தத் தகவலைப் பக்கத்துப் பிக்சலுக்கும் அடுத்த பிரேமுக்கும் சொல்லிவிடுவேன், அவர்கள் சொல்வதை நானும் கேட்டுக்கொள்வேன். இது இல்லாமல் சைபர்பங்க்கின் பாத் டிரேசிங் செட்டிங்கான ஓவர்டிரைவ் பயன்முறை சாத்தியமே ஆகியிருக்காது.

ஊகத்துக்கு ஒரு அடையாளம் உண்டு, தெரிந்துவிட்டால் கண்ணை விட்டு அகலாது. ரே டிரேசிங் வெளிச்சம் உள்ள கேமில் இருட்டறை ஒன்றில் விளக்கை அணைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்துவிடும், ஆனால் சுவரில் இருந்த வெளிச்சம் அரை நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். பழைய பிரேம்களின் ஞாபகம் இன்னும் தீரவில்லை. வேகமாகப் போகும் காருக்குப் பின்னால் தண்ணீரில் புகை மாதிரி ஒரு வால் தெரிவதும் இதே கதைதான். 2023-ல் வந்த ரே ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இந்த வேலையை நரம்பியல் வலையிடம் ஒப்படைத்துக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறது. தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதற்கு மேல் டிஎல்எஸ்எஸ், சின்னதாக வரைந்த படத்தை ஊகித்துப் பெரிதாக்கும் என்விடியாவின் தொழில்நுட்பம். ஓவர்டிரைவ் பயன்முறை 2023 ஏப்ரலில் வந்தபோது, 1,599 டாலர் விலையில் அறிமுகமாகி 450 வாட் தின்னும் ஆர்டிஎக்ஸ் 4090-கூட 4கே-யில் உதவியில்லாமல் 20 எஃப்பிஎஸ் அளவில்தான் ஓடியது. திரையில் 100-க்கும் மேல் காட்டியது எப்படி? படத்தை 1080பி-யில் வரைந்து 4கே-ஆகப் பெரிதாக்கினால், வரைந்தது நாலில் ஒரு பங்குப் பிக்சல். ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேமைக் கற்பனையிலேயே உண்டாக்கினால், எட்டில் ஒரு பங்கு. 2025 ஜனவரியில் அறிவித்த டிஎல்எஸ்எஸ் 4-ல் நிஜ பிரேம் ஒன்றுக்கு மூன்று கற்பனை பிரேம். அப்படியானால் நாம் பார்க்கும் 16 பிக்சலில் ஒன்றுதான் வரையப்பட்டது. அந்த ஒன்றும் ஒன்றிரண்டு கதிரை வைத்து ஊகித்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதை 'போலி' என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரில் திரைத் துண்டை வெட்டி ஒட்டியதும் போலிதானே? எனக்குக் கோபம் வருவது எண்களில்தான். அதே ஜனவரி மேடையில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார் ஹுவாங். கற்பனை பிரேம்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். இப்படிக் கற்பனை பிரேமை நுழைக்கும் பிரேம் ஜெனரேஷன், நடுப் பிரேமை உண்டாக்க அடுத்த நிஜ பிரேம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் நடுவில் தாமதம் கூடத்தான் செய்யும். 30 நிஜ பிரேமை 60 ஆக்கினால் கண்ணுக்கு 60, கைக்கு 30-ஐவிட மந்தம். இதைச் சொல்லாமல் விற்பது நேர்மையல்ல.

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள்? அழகுக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. லைட்டை பேக் செய்யும் ஸ்டுடியோவில் ஒரு வடிவமைப்பாளர் ஜன்னலை இரண்டடி நகர்த்தினால், அறையின் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி பேக் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய உலகம், மாறும் பகல் இரவு, உடையும் சுவர் என்றால் பேக் செய்வதே நடக்காத காரியம். ரே டிரேசிங்கில் ஜன்னலை நகர்த்திய மறுகணம் வெளிச்சமும் நகர்கிறது. ஸ்டுடியோவின் கணினிகள் முன்பு இரவெல்லாம் ஒரே ஒரு முறை செய்த வேலையை, இப்போது நம் வீட்டுக் கார்டு ஒவ்வொரு பிரேமிலும் செய்கிறது. வேலை மிச்சம் அவர்களுக்கு, கரண்டு பில் நமக்கு.

கொஞ்சம் கசப்பாகச் சொல்லிவிட்டேன், இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ரே டிரேசிங்கை மட்டுமே நம்பிக் கட்டிய கேம்கள் ஆச்சரியமாக நன்றாகவே ஓடுகின்றன. 2021-ல் வந்த மெட்ரோ எக்ஸோடஸ் என்ஹான்ஸ்டு எடிஷன் பழைய வெளிச்ச ஏற்பாட்டையே தூக்கி எறிந்துவிட்டு, ரே டிரேசிங் கார்டு இல்லாவிட்டால் ஓடாது என்று அறிவித்தது. அது கன்சோல்களிலும் 60 எஃப்பிஎஸ்ஸைக் குறிவைத்து வந்தது. 2024 டிசம்பரில் இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் டூம்: த டார்க் ஏஜஸ். இரண்டுக்கும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், ஆனால் குறைந்தபட்சத் தேவை ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர்தான். அதாவது முதல் தலைமுறைக் கார்டு. பழைய தந்திரங்களையும் வைத்துக்கொண்டு அதன் மேல் ரே டிரேசிங்கை ஒட்டுப்போட்ட கேம்களில் இரண்டுக்கும் சேர்த்துச் செலவாகிறது. செட்டிங்கில் 'ஆஃப்' என்ற பொத்தான் இருக்கும்வரை ஸ்டுடியோ இரண்டு விளக்கு ஏற்பாட்டையும் பராமரித்தாக வேண்டும், அதனால் எதுவும் முழுசாகச் செதுக்கப்படுவதில்லை.

நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, எதைப் போடலாம் எதை விடலாம் என்பதில் என் கட்சி இது. சூரிய நிழலுக்கு ரே டிரேசிங் வேண்டாம், பழைய முறையே போதும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலும் பலருக்கு வித்தியாசம் தெரியாது. பிரதிபலிப்பு கேமைப் பொறுத்தது. கன்ட்ரோல் என்ற கேம் மாதிரி கண்ணாடித் தடுப்பும் பளிங்குத் தரையுமாக இருக்கிற ஆபீஸ் கட்டடம் என்றால் போட்டே ஆக வேண்டும், மண் சாலையும் வயலுமாக இருந்தால் வீண். கொடுத்த காசுக்குப் பலன் தெரிவது குளோபல் இல்லுமினேஷனில்தான், அந்தச் சிவந்த சுவர் சமாச்சாரம். அதைப் போட்டுவிட்டு, 1440பி-யில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியை வைத்து, நிஜ பிரேம் 50-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிரேம் ஜெனரேஷனைத் தொடுவதாக இருந்தால் அந்த 50-க்கு மேலே தொடுங்கள்.

பாத் டிரேசிங்கை நான் எப்போதாவது ராத்திரியில், மழைத் தெருவில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க மட்டும் போடுவேன். விசிறி இரையும், பலகை தண்ணீரில் நடுங்கும், எஃப்பிஎஸ் 14 என்று காட்டும். எடுத்ததும் அணைத்துவிட்டு விளையாடப் போய்விடுவேன்.